மல்டிகிளாஸ்: இரண்டாவது வித்தைக்கு என்ன விலை?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடும் மேசையில், நாலாவது லெவல் முடிந்து ஐந்துக்கு ஏறும் அன்றைக்குத்தான் பெரும்பாலும் அந்தக் கேள்வி வரும். கேரக்டர் ஷீட்டை மடியில் வைத்து, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு ஒருவர் கேட்பார்: "அண்ணே, என் ஃபைட்டருக்கு அடுத்த லெவலை விஸர்டுல எடுக்கலாமா?" ஆட்டத்தை நடத்தும் டிஎம் "எடுத்துக்க" என்பார், இல்லை "வேணாம்ப்பா" என்பார். எந்தப் பதிலும் சொல்வதற்கு முன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. அந்த ஒரு லெவலை அங்கே கொடுத்தால் இங்கே எது தள்ளிப்போகிறது, எத்தனை வாரம் தள்ளிப்போகிறது என்பதே அந்தக் கணக்கு.

புதிதாக வருபவர்களுக்காக ஒரு வரி. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற மேசை ஆட்டங்களில் க்ளாஸ் என்பது கேரக்டரின் தொழில், லெவல் என்பது அதில் ஏறிய படி. வாள் பிடிப்பவர் ஃபைட்டர், சுவடி படித்து மந்திரம் போடுபவர் விஸர்ட், தெய்வத்தின் அருளால் குணப்படுத்துபவர் க்ளெரிக், பூட்டைத் திறந்து பதுங்கிக் குத்துபவர் ரோக். ஒரே கேரக்டர் இரண்டு தொழிலையும் பழகுவதுதான் மல்டிகிளாஸ். மதுரைப் பக்கத்து யானைமலையைப் பாழடைந்த கோட்டையாக வைத்துக் கதை நடத்தினாலும், சமணர் மலைக் குகைக்குள் பூதத்தை உட்கார வைத்தாலும் எண்கள் மாறுவதில்லை. ஆனால் ஒவ்வொரு பதிப்பும் அந்த இரண்டாவது தொழிலுக்கு வெவ்வேறு விலை கேட்டிருக்கிறது. அந்த விலைகளின் வரலாற்றைத் தெரிந்துகொண்டால் இன்றைய விதி ஏன் இப்படி இருக்கிறது என்பது விளங்கும்.

பாதியாகப் பிரித்தும் குறையாத கணக்கு

1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட முதல் ஆட்டத்தில் மூன்றே க்ளாஸ்: சண்டைக்காரர், மந்திரக்காரர், க்ளெரிக். எல்ஃப் இனத்தாருக்கு மட்டும் சண்டையும் மந்திரமும் சேர்ந்தே கிடைத்தது. ஆனால் ஒரு பயணத்துக்கு ஒன்றுதான். கிளம்பும்போது எதுவாகப் போகிறோமோ அதுவாகவே முடித்துத் திரும்ப வேண்டும்.

1978-ல் வந்த அட்வான்ஸ்டு பதிப்பு அதை இரண்டு வழியாகப் பிரித்தது. எல்ஃப், ட்வார்ஃப் போன்ற இனங்கள் தொடக்கத்திலேயே இரண்டு மூன்று க்ளாஸை ஒன்றாக எடுக்கலாம். கிடைக்கும் அனுபவப் புள்ளி சமமாகப் பிரியும். மனிதருக்கு வேறு வழி. ஒரு தொழிலில் கொஞ்ச தூரம் போய், அதை நிறுத்திவிட்டு, இன்னொன்றை முதல் லெவலில் இருந்து தொடங்க வேண்டும். அதற்கும் பழைய தொழிலின் முக்கியத் திறன் (பலம், அறிவு போன்றவற்றுக்கான எண்) 15, புதிய தொழிலின் திறன் 17 இருக்க வேண்டும்.

பாதியாகப் பிரித்தால் பாதி பலம்தானே என்று தோன்றும். அங்கேதான் வேடிக்கை. 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பின் அட்டவணையை எடுத்துக்கொள்வோம். ஃபைட்டர் இரண்டாம் லெவலுக்கு 2,000 புள்ளி, அப்புறம் 4,000, 8,000, 16,000, 32,000, 64,000 என்று இரட்டித்துக்கொண்டே போகும். சதுரங்கக் கட்டத்தில் நெல் வைத்த கதைபோல. 64,000 புள்ளி சேர்த்த தனி ஃபைட்டர் ஏழாம் லெவலில் நிற்பார். அதே 64,000-ஐ எல்ஃப் பாதியாகப் பிரித்தால் ஃபைட்டருக்கு 32,000, அதாவது ஆறாம் லெவல். மந்திரக்காரருக்கு 32,000, அந்த அட்டவணையில் ஐந்தாம் லெவல். ஒரே ஒரு லெவல் வாளில் குறைந்ததற்கு ஐந்து லெவல் மந்திரம் கூடவே வந்துவிட்டது. இரட்டிக்கும் அட்டவணையில் பாதி என்பது ஒரு படி மட்டும்தான். இதைச் சமன்செய்யத்தான் மனிதரல்லாத இனங்களுக்கு லெவலில் உச்சவரம்பு வைத்தார்கள். எவ்வளவு அடி தாங்கலாம் என்ற ஹிட் பாயிண்டையும் க்ளாஸ் எண்ணிக்கையால் வகுத்தார்கள். ஆனால் உச்சவரம்பு கடிக்கும் உயரத்துக்கு ஆட்டம் போவதற்குள் கதையே முடிந்துபோனால், அந்த விலையை யாரும் கட்டவில்லை என்றுதான் அர்த்தம்.

மனிதர் கட்டிய விலை நேர் எதிர். 32,000 புள்ளியோடு ஆறாம் லெவலில் நிற்கும் ஃபைட்டர் மந்திரத்துக்கு மாறினால், புதிய தொழில் பழையதைத் தாண்டும்வரை, அதாவது ஏழாம் லெவலுக்கு வேண்டிய 60,000 புள்ளி சேரும்வரை, வாள் வித்தையைத் தொடக்கூடாது. தொட்டால் புள்ளி போகும். அதைக் கடந்துவிட்டால் கையில் ஃபைட்டர் 6, மந்திரக்காரர் 7. அதே மொத்தப் புள்ளியில், 92,000-ல், தனி ஃபைட்டர் இன்னும் ஏழில்தான் இருப்பார். கடைசியில் லாபம் மிகப் பெரிது. நடுவில் பல மாதம், ஆறாம் லெவல் கூட்டாளிகளுக்கு நடுவே முதல் லெவல் மந்திரக்காரராக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அலைய வேண்டும். இந்த விதியில் விலை காலம்தான், வேறெதுவும் இல்லை.

2000-ல் வந்த மூன்றாம் பதிப்பு இரண்டு வழியையும் தூக்கிப் போட்டது. ஒவ்வொரு லெவல் ஏறும்போதும் எந்த க்ளாஸில் ஏறுவது என்று தேர்ந்துகொள்ளலாம்; எல்லா இனத்துக்கும் ஒரே விதி. இன்றைய விதிக்கு இதுதான் தாய். அழகான யோசனை, ஆனால் கூட்டலில் இரண்டு ஓட்டை. நல்ல சேவிங் த்ரோ, அதாவது ஆபத்திலிருந்து தப்பக் காய் உருட்டும்போது கூட்டும் எண், முதல் லெவலிலேயே +2 கொடுக்கும், க்ளாஸ் மாறினால் அது மறுபடியும் கூடும். ஃபைட்டர், பார்பேரியன், ரேஞ்சர் என மூன்று சண்டை க்ளாஸிலும் ஒவ்வொரு லெவல் எடுத்தவருக்கு உடல் தாங்கும் சேவிங் த்ரோ +6. மூன்று லெவலையும் ஃபைட்டரிலேயே எடுத்தவருக்கு +3. தாக்கும்போது கூட்டும் எண்ணில் இது தலைகீழ். ரோக், க்ளெரிக், விஸர்ட் என ஒவ்வொன்று எடுத்தால் மூன்றும் சேர்ந்து பூஜ்யம், தனி க்ளெரிக் மூன்றுக்கோ +2. பின்னத்தை ஒவ்வொரு க்ளாஸிலும் தனித்தனியாக வெட்டியதன் விளைவு. மந்திரக்காரர்களுக்கு இன்னும் மோசம்: விஸர்ட் 5, க்ளெரிக் 5 எடுத்தவர் பத்தாம் லெவலில் மூன்றாம் நிலை மந்திரத்தோடு நிற்பார், தனி விஸர்ட் ஐந்தாம் நிலைக்குப் போயிருப்பார். க்ளாஸ்களுக்குள் ஒரு லெவலுக்கு மேல் வித்தியாசம் வந்தால் அனுபவப் புள்ளியில் 20 சதவீதம் பிடித்தம் என்றொரு தண்டனையும் இருந்தது. இனத்துக்குப் பிடித்த க்ளாஸுக்கு அதில் விலக்கு.

2008-ன் நான்காம் பதிப்பு இந்தச் சிக்கலே வேண்டாம் என்று மல்டிகிளாஸை ஃபீட்டாக, அதாவது தனியாக எடுக்கும் ஒரு சிறப்புத் திறமையாகச் சுருக்கியது. பாதுகாப்பான விதி. ஆனால் இரண்டு தொழில் தெரிந்த ஆள் என்ற உணர்வே அதில் வருவதில்லை.

இன்று மேசையில் இருக்கும் விதி

2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பும், அதன் 2024 திருத்தமும் மூன்றாம் பதிப்பின் முறையை எடுத்து ஓட்டைகளை அடைத்தன. பழகிய வேலையில் காயோடு கூட்டும் தேர்ச்சிப் புள்ளி மொத்த லெவலைப் பார்த்து ஏறும்: நான்கு வரை +2, ஐந்தில் +3, ஒன்பதில் +4. அனுபவப் புள்ளியும் மொத்த லெவலுக்கே. புது க்ளாஸில் நுழைய, இப்போதைய க்ளாஸ், போகும் க்ளாஸ் இரண்டின் முக்கியத் திறனும் 13 இருக்க வேண்டும். ஃபைட்டருக்கு ஸ்ட்ரெங்த் (உடல் பலம்) அல்லது டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு), விஸர்டுக்கு இன்டெலிஜென்ஸ் (அறிவு), சபதம் எடுத்த வீரரான பாலடினுக்கு ஸ்ட்ரெங்த், கரிஸ்மா (ஆளை ஈர்க்கும் திறன்) இரண்டும், துறவி வீரரான மாங்குக்கு டெக்ஸ்டெரிட்டி, விஸ்டம் (விவேகம்) இரண்டும். சேவிங் த்ரோ தேர்ச்சி முதலில் எடுத்த க்ளாஸுக்கு மட்டும். கவசம், ஆயுதத் தேர்ச்சியும் இரண்டாவது க்ளாஸில் குறைத்தே கிடைக்கும்.

இந்தக் கடைசி இரண்டு வரியில்தான் பாதி ஆட்டம் இருக்கிறது. ஒரு கேரக்டரைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம்.

வைரமணி, ஒத்தக்கடைப் பக்கம் யானைமலை அடிவாரத்துக் காவல்காரி. மலைக்குகையில் கிடைத்த சுவடியைப் படித்து மந்திரம் பழகியவள். 27 புள்ளியைத் திறன்களுக்குச் செலவழிக்கும் முறையில் ஸ்ட்ரெங்த் 13, கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) 14, இன்டெலிஜென்ஸ் 15, டெக்ஸ்டெரிட்டி 12, விஸ்டம் 10, கரிஸ்மா 8. செலவு 5, 7, 9, 4, 2, 0, மொத்தம் சரியாக 27. தொடக்கக் கூடுதல்களை இன்டெலிஜென்ஸுக்கு இரண்டு, கான்ஸ்டிட்யூஷனுக்கு ஒன்று என்று போட்டால் 17, 15. ஸ்ட்ரெங்த் 13 என்பது இங்கே இரண்டு வேலை செய்கிறது: ஃபைட்டரோடு இன்னொரு க்ளாஸைச் சேர்க்கவும், வேகம் குறையாமல் செயின் மெயில் போட்டுக்கொள்ளவும் அதே 13 தான் வேண்டும்.

முதலில் ஃபைட்டர் ஒன்று, பிறகு நான்கு லெவல் விஸர்ட். முதல் லெவலில் 10 உடன் கான்ஸ்டிட்யூஷன் தரும் 2 சேர்த்து 12 ஹிட் பாயிண்ட். ஒவ்வொரு விஸர்ட் லெவலுக்கும் 4 உடன் 2, ஆறு. ஐந்தாம் லெவலில் 36. தனி விஸர்டுக்கு 32, தனி ஃபைட்டருக்கு 44. செயின் மெயில் 16, கேடயம் 2, தற்காப்புப் பயிற்சி 1, ஆக, அடி விழ எதிரி எட்ட வேண்டிய கவச எண் 19. முதல் க்ளாஸ் ஃபைட்டர் என்பதால் கான்ஸ்டிட்யூஷன் சேவிங் த்ரோவில் தேர்ச்சி உண்டு. அடி வாங்கும்போது மந்திரத்தின் கவனம் சிதறாமல் பிடித்து வைப்பது அந்தச் சேவிங் த்ரோதான்.

அதையே திருப்பிப் போடுங்கள். முதலில் விஸர்ட், கடைசியில் ஃபைட்டர் ஒன்று. 34 ஹிட் பாயிண்ட். இரண்டு பாயிண்ட் குறைந்ததில் பெரிய நஷ்டமில்லை. ஆனால் இரண்டாவதாக எடுத்த ஃபைட்டர் கனமான கவசத் தேர்ச்சி தராது. இலகு, நடுத்தரக் கவசமும் கேடயமும்தான். செயின் மெயில் கனமான கவசம், போட முடியாது. கான்ஸ்டிட்யூஷன் சேவிங் த்ரோவும் இல்லை. ஒரே ஃபைட்டர் 1, விஸர்ட் 4. வரிசை மாறியதில் வேறு ஆள் ஆகிவிட்டாள். கதைக்கு எந்த வரிசை பொருந்துகிறது என்று யோசிப்பவர்கள் இதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். பின்னணிக் கதையை எழுதும்போதே சரிசெய்துகொள்ளலாம், மூன்றாம் லெவலில் திருத்த முடியாது.

இப்போது விலை. ஐந்தாம் லெவல் தனி விஸர்டுக்கு மூன்றாம் நிலை மந்திரம் வந்துவிட்டது, ஃபயர்பால் போடுகிறார். வைரமணி ஆறாம் லெவல் வரை காத்திருக்க வேண்டும். அதற்குப் பின்னும் ஒவ்வொரு படியிலும் ஒரு லெவல் பின்னால்தான். கூடவே இன்னொரு தொல்லை, ஆட்டத்தின் நடுவில்தான் தெரியவரும். ஒரு கையில் வாள், ஒரு கையில் கேடயம் பிடித்திருப்பவள் கையசைவு தேவைப்படும் மந்திரத்தைப் போட முடியாது. அடி விழும் கணத்தில் கவச எண்ணை ஐந்து கூட்டும் ஷீல்ட் மந்திரத்துக்குக் கையசைவு வேண்டும். இந்தக் கலவையை எடுப்பதே அந்த மந்திரத்துக்காகத்தான், அதுவே ஓடவில்லை என்றால்? வாளை உறையில் போட்டு ஒரு கையைக் காலியாக வைத்திருக்கலாம். அல்லது விஸர்ட் நான்காம் லெவலில் வரும் ஃபீட்டை, கை நிறைந்திருந்தாலும் மந்திரம் போட விடும் வார் காஸ்டருக்குக் கொடுக்கலாம். கொடுத்தால் இன்டெலிஜென்ஸ் ஏறுவது மட்டுப்படும். விலைக்குள் விலை.

ஸ்லாட் வேறு, மந்திரம் வேறு

இரண்டு க்ளாஸும் மந்திர க்ளாஸாக இருந்தால்தான் குழப்பம் அதிகம். லெவல் என்ற ஒரே சொல் கேரக்டருக்கும் மந்திரத்துக்கும் வருவதால் பாதிக் குழப்பம் அதில். மந்திரத்துக்கு நிலை என்று சொல்லிப் பழகினால் மேசையில் சண்டை குறையும்.

முறை இது. பார்ட், க்ளெரிக், டுரூயிட், சார்சரர், விஸர்ட் ஆகியோரின் லெவலை முழுதாகக் கூட்டு. பாலடின், ரேஞ்சர் லெவலில் பாதி. கொஞ்சம் மந்திரமும் பழகும் உபபிரிவுகளான எல்ட்ரிச் நைட் ஃபைட்டர், ஆர்கேன் டிரிக்ஸ்டர் ரோக் ஆகியோருக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதியை விட்டுவிடு. வந்த எண்ணை மல்டிகிளாஸ் அட்டவணையில் பார்த்தால் ஸ்லாட் எண்ணிக்கை, அதாவது ஓய்வுக்கு முன் எந்த நிலையில் எத்தனை மந்திரம் போடலாம் என்பது, தெரியும். ஒரே ஒரு மந்திர க்ளாஸ்தான் என்றால் இந்த அட்டவணை வேண்டாம், அந்த க்ளாஸின் சொந்த அட்டவணையே போதும். வைரமணிக்கு விஸர்ட் நான்கின் ஸ்லாட்தான், முதல் நிலை 4, இரண்டாம் நிலை 3.

பாதி என்பதில் பதிப்பு வித்தியாசம் உண்டு. 2014-ல் பின்னத்தைக் கீழே தள்ள வேண்டும், 2024-ல் மேலே ஏற்ற வேண்டும். பாலடின் 5, சார்சரர் 3 என்றால் பழைய விதியில் 2 கூட்டல் 3, ஐந்து: ஸ்லாட் 4, 3, 2. புதிய விதியில் 3 கூட்டல் 3, ஆறு: 4, 3, 3. இரண்டு புத்தகமும் கலந்து கிடக்கும் மேசையில் எதைப் பின்பற்றுகிறோம் என்று முதல் நாளே முடிவு செய்யாவிட்டால், இந்த ஒரு ஸ்லாட்டுக்காக ஒரு மதியம் போகும்.

இனி அதிகம் நடக்கும் தப்பு. க்ளெரிக் 3, விஸர்ட் 3 எடுத்தவர் ஷீட்டை நீட்டுகிறார்.

"என்னப்பா, ஃபயர்பால்னு எழுதியிருக்க?"

"மூணாம் நிலை ஸ்லாட் மூணு இருக்குல்லண்ணே."

"ஸ்லாட்டு இருக்கு. விஸர்டுல நீ மூணுதான? மூணாவது லெவல் விஸர்டுக்கு ரெண்டாம் நிலை மந்திரம் வரைக்குந்தான் தெரியும்."

"அப்ப அந்த ஸ்லாட்ட வச்சு என்னண்ணே செய்ய?"

"ஸ்கார்ச்சிங் ரேய அதுல போடு. மூணு கதிருக்குப் பதிலா நாலு வரும்."

டிஎம் சொன்னது சரி. எந்த மந்திரம் தெரியும் என்பதை ஒவ்வொரு க்ளாஸும் தனித்தனியாக, அந்த க்ளாஸ் மட்டுமே எடுத்ததுபோல் கணக்கிட வேண்டும். ஸ்லாட் மட்டும்தான் பொது. பெரிய அண்டா வாங்கி வைத்ததால் கல்யாணச் சமையல் தெரிந்துவிடாது. தெரிந்த குழம்பை அதிகமாகக் கொதிக்க வைக்கலாம், அவ்வளவுதான். அதனால் இந்தக் கலவைக்கு உயரே போட்டால் பலம் கூடும் மந்திரங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். க்ளெரிக்கின் எய்டு இரண்டாம் நிலையில் மூன்று பேருக்கு ஐந்து ஹிட் பாயிண்ட் கூட்டும், மூன்றாம் நிலை ஸ்லாட்டில் பத்து. க்ளெரிக் மந்திரத்துக்கு விஸ்டம், விஸர்ட் மந்திரத்துக்கு இன்டெலிஜென்ஸ் என்பதால் எதிரி தப்பிக்க வேண்டிய எண்ணும் இரண்டாக எழுதப்பட வேண்டும். பலர் ஒன்றை மட்டும் எழுதி இரண்டுக்கும் ஓட்டிவிடுகிறார்கள்.

வேறொரு சக்தியோடு ஒப்பந்தம் போட்டு மந்திரம் பெறும் வார்லாக் இந்தக் கூட்டலுக்குள் வருவதே இல்லை. அவர் ஸ்லாட் தனி உண்டியல், சின்ன ஓய்விலேயே நிரம்பிவிடும். அதிலிருந்து எடுத்து மற்ற க்ளாஸ் மந்திரத்தைப் போடலாம், மற்றதிலிருந்து எடுத்து வார்லாக் மந்திரத்தையும் போடலாம். எண்ணிக்கையை மட்டும் கலக்கக்கூடாது.

கூடாத கூட்டல்கள்

கையால் சண்டை போடும் க்ளாஸ்களில் விலை வேறிடத்தில் ஒளிந்திருக்கிறது. ஃபைட்டர், பாலடின், ரேஞ்சர், பார்பேரியன், மாங்க் எல்லாருக்கும் ஐந்தாம் லெவலில் இரண்டாவது அடி கிடைக்கும். ஃபைட்டர் 5, ரேஞ்சர் 5 எடுத்தவருக்கு மூன்று அடி கிடைக்காது, இரண்டுதான். மூன்றாவது அடிக்கு ஃபைட்டரில் பதினொன்று வேண்டும். கவசமில்லாத் தற்காப்பும் அப்படியே. பார்பேரியனிடம் கான்ஸ்டிட்யூஷன் வழி ஒன்று, மாங்கிடம் விஸ்டம் வழி ஒன்று. இரண்டில் ஒன்றுதான் நிற்கும். பார்பேரியன் ஆவேசத்தில் இருக்கும்போது மந்திரம் போட முடியாது, போட்ட மந்திரத்தின் கவனத்தையும் பிடிக்க முடியாது. சாமியாடிக்கொண்டே சுவடி வாசிக்க முடியாது என்று புரிந்துகொண்டால் போதும்.

திறனை உயர்த்தும் வாய்ப்பு க்ளாஸ் லெவல் நான்கில் வருகிறது, மொத்த லெவல் நான்கில் அல்ல. இந்த ஒரு வரியைக் கவனிக்காமல் விழுந்தவர்கள் ஏராளம். ஆறாம் லெவலில் ஃபைட்டர் 3, ரோக் 3 என்று சமமாகப் பிரித்தவருக்குத் திறன் உயர்வு ஒன்றுகூட இல்லை, இரண்டாவது அடியும் இல்லை. தனி ஃபைட்டர் ஆறுக்கு நான்கிலும் ஆறிலும் என இரண்டு உயர்வு, ஐந்தில் இரண்டாவது அடி. "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான்" என்பது இந்த மூன்று-மூன்றுக்கு அச்சாகப் பொருந்தும்.

அதே இரண்டு க்ளாஸை ஃபைட்டர் 5 முடித்துவிட்டு ரோக்குக்குப் போனால் நிலைமை வேறு. ரோக்கின் பதுங்கித் தாக்கும் கூடுதல் சேதம் ஒரு முறைக்கு ஒருதரம்தான். ஒரே அடி, அது விழும் வாய்ப்பு 65 சதவீதம் என்றால், நூற்றுக்கு 35 தடவை அந்தக் கூடுதல் வீண். இரண்டு அடி இருந்தால் இரண்டும் தவறும் வாய்ப்பு 0.35 பெருக்கல் 0.35, ஏறக்குறைய 12 சதவீதம். ஆக 88 தடவை கூடுதல் சேதம் விழும். இங்கே ஒரு க்ளாஸ் இன்னொன்றின் குறையை அடைக்கிறது. நல்ல கலவைக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை.

எந்த க்ளாஸானாலும் முதல் க்ளாஸில் ஐந்தைத் தொட்டுவிட்டு மாறுவது நல்லது என்று பொதுவாகச் சொல்லலாம். வைரமணிபோல் முதல் லெவலையே கவசத்துக்காகக் கொடுக்கும் கலவை அதற்கு விலக்கு. கரிஸ்மாவில் நிற்கும் பாலடின் வார்லாக்கில் ஒரே ஒரு லெவல் எடுப்பதும் அப்படித்தான். 2017-ல் வந்த ஹெக்ஸ்பிளேட் உபபிரிவு, முதல் லெவலிலேயே வாளைக் கரிஸ்மாவால் வீச விட்டது. 2024 திருத்தம் எல்லா க்ளாஸின் உபபிரிவையும் மூன்றாம் லெவலுக்குத் தள்ளியபோது அந்த வழி மூடியதாகவே பலர் நினைத்தார்கள். ஆனால் அதே வேலையைச் செய்யும் பேக்ட் ஆஃப் த பிளேடு இப்போது வார்லாக்கின் முதல் லெவலிலேயே எடுக்கக் கிடைக்கிறது. வழி திறந்தே இருக்கிறது.

இன்னொரு மேசை ஆட்டமான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பு, 2019-ல் வந்தது, லெவலைத் தொடாமலே இதைச் செய்கிறது. ஃபைட்டர் ஃபைட்டராகவே ஏறுவார். இரண்டாம் லெவல் க்ளாஸ் ஃபீட்டைக் கொடுத்து விஸர்டின் டெடிகேஷன் என்ற நுழைவு ஃபீட்டை எடுப்பார். அடிப்படை மந்திரப் பயிற்சி ஃபீட்டை நான்கில் எடுத்தால் முதல் நிலை ஸ்லாட் ஒன்று, ஆறில் இரண்டாம் நிலை ஒன்று, எட்டில் மூன்றாம் நிலை ஒன்று. ஒரு டெடிகேஷன் எடுத்தபின் அதே வழியில் இன்னும் இரண்டு ஃபீட் எடுக்காமல் அடுத்ததற்குத் தாவ முடியாது. கெட்டுப்போன கேரக்டர் இதில் அமைவது கடினம். வாளும் மந்திரமும் சரிபாதியான கேரக்டரும் அமையாது. புதியவர்கள் அதிகம் இருக்கும் மேசைக்கு இதுவே மேல்.

ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு

விலையை லெவலில் சொல்லிக்கொண்டே வந்தோம். மேசையில் உட்காருபவர் உண்மையில் கட்டுவது ஞாயிற்றுக்கிழமையில். மாதம் இரண்டு ஞாயிறு கூடும் ஒரு மதுரைக் குழுவை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 24 நாள். பொங்கலை ஒட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று ஆள் கலைந்துவிடும். சித்திரைத் திருவிழா நாட்களில் வண்டியை ஊருக்குள் கொண்டுவர முடியாது. தேர்வு, கல்யாணம், தீபாவளி போக 18 மிஞ்சினால் பெரிது. மூன்று நாள் ஆட்டத்துக்கு ஒரு லெவல் என்று டிஎம் நடத்தினால் ஆண்டுக்கு ஆறு லெவல். ஒரு லெவலுக்கு இரண்டு மாதம்.

இப்போது வைரமணியின் ஃபயர்பால் ஒரு லெவல் தள்ளிப்போவது என்றால் என்ன என்பது கண்ணுக்குத் தெரியும்: பக்கத்தில் இருக்கும் தனி விஸர்ட் இரண்டு மாதமாகப் போடும் மந்திரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. ஃபைட்டர் 3, ரோக் 3 எடுத்தவர் இரண்டாவது அடியை மறுபடி பிடிக்க எட்டாம் லெவல் ஆகும், அதாவது நண்பருக்குக் கிடைத்து ஆறு மாதம் கழித்து. அந்த ஆட்டம் ஏழாம் லெவலில் முடியப்போகிறது என்றால் அது அவர் கைக்கு வரவே வராது. பதினேழாம் லெவலில் அற்புதமாகக் கூடும் ஒரு கலவையை வரைந்துகொண்டு வருபவர், இந்த வேகத்தில் அதற்கு இரண்டு ஆண்டு எட்டு மாதம் ஆகும் என்பதைத் தெரிந்துகொண்டு வர வேண்டும்.

இதன் மறுபக்கத்தை டிஎம்கள் அதிகம் யோசிப்பதில்லை. ஆட்டத்தை எட்டாம் லெவலில் தொடங்கினால் இந்த விலையை யாரும் கட்டுவதில்லை. நடுவில் தாங்க வேண்டிய பலவீனமான மாதங்கள் எல்லாம் காகிதத்திலேயே கழிந்துவிடும். விளைந்த கேரக்டர் மட்டும் மேசைக்கு வரும். பழைய பதிப்பின் மனிதர் விதியிலும் இதே கோளாறுதான்: ஃபைட்டர் 6, மந்திரக்காரர் 7 என்று நேராக எழுதிக்கொண்டு வருபவர், அந்த விதி கேட்ட ஒரே விலையைக் கொடுக்காமல் வந்துவிட்டார். அதனால் உயர்ந்த லெவலில் தொடங்கும் ஆட்டத்துக்கு மல்டிகிளாஸை இரண்டு க்ளாஸோடு நிறுத்துவதும், இரண்டாவதில் குறைந்தது மூன்று லெவல் எடுக்கச் சொல்வதும் நியாயமான வீட்டு விதிகள். முதல் லெவலில் தொடங்கும் ஆட்டத்துக்கு அவை வேண்டியதில்லை. அங்கே காலமே பார்த்துக்கொள்ளும்.

ஒருவர் மல்டிகிளாஸ் கேட்கும்போது டிஎம் ஒரு தாளில் மூன்று வரி எழுதச் சொல்லலாம்: அடுத்த லெவலில் என்ன கிடைக்கிறது, அதற்குப் பதில் எது தள்ளிப்போகிறது, தள்ளிப்போனது எந்த மாதம் வரும். மூன்றாவது வரியை எழுதும்போதே பாதிப் பேர் முதல் க்ளாஸை ஐந்துவரை முடித்துக்கொள்கிறேன் என்பார்கள். மீதிப் பேருக்கு அது வேண்டும் என்பது உறுதியாகத் தெரிந்திருக்கும். அவர்களுக்குத் தயங்காமல் அனுமதி கொடுக்கலாம். எடுத்துப் பார்த்துப் பிடிக்காதவருக்கு ஒரே ஒரு முறை அந்த லெவலைத் திருப்பிப் போட்டுக்கொள்ள விடுவது நல்ல வழக்கம். இரண்டு மாதத் தவறை இரண்டு வருடம் சுமக்க வைப்பதில் யாருக்கும் லாபமில்லை.

ஷீட்டில் எழுதும் முறையும் முக்கியம். "லெவல் 5" என்று மட்டும் எழுதாமல் "ஃபைட்டர் 1, விஸர்ட் 4" என்று எடுத்த வரிசையிலேயே எழுத வேண்டும். ஓய்வில் உருட்டும் காய்களையும் பிரிக்க வேண்டும்: வைரமணிக்குப் பத்து முகக் காய் ஒன்று, ஆறு முகக் காய் நான்கு. மந்திரப் பட்டியல் க்ளாஸுக்கு ஒரு கட்டம், ஒவ்வொரு கட்டத்தின் தலையிலும் அந்த க்ளாஸின் திறனும் எதிரி தாண்ட வேண்டிய எண்ணும். வைரமணிக்கு அது 8, தேர்ச்சி 3, இன்டெலிஜென்ஸ் 17 ஆகவே இருந்தால் அதற்கு 3, மொத்தம் 14. ஸ்லாட்டுக்கு மட்டும் எல்லா க்ளாஸுக்கும் சேர்த்து ஒரே கட்டம், பென்சிலில். வார்லாக் இருந்தால் அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.